நம்பர் வாங்காத வண்டி

உக்காருங்க தம்பி. ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க, எனக்கு ஓரம்தான் தோது. இறங்கணும்னா டக்குனு இறங்கலாம்ல. இறங்க மாட்டேன். இன்னைக்கு இறங்கப் போறதில்ல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மதுரைக்கா? நானும் மதுரைதான். மாட்டுத்தாவணிக்கு முழு டிக்கெட் எடுத்திருக்கேன், பாருங்க. இந்த நாலு மாசத்துல மூணு தடவை இதே மாதிரி முழு டிக்கெட் எடுத்தேன். ஒரு தடவை எங்க ஊரு பரமக்குடி எல்லை தாண்டுறதுக்குள்ள இறங்கிட்டேன். ஒரு தடவை பார்த்திபனூர். ஒரு தடவை மானாமதுரை வரைக்கும் போயிட்டேன், அதுதான் ரெக்கார்டு. அங்க பாருங்க, கண்டக்டர் என்னைப் பாத்து சிரிக்கிறாரு. அவருக்கு என்னைத் தெரியும்.

எம் பேரு நாகநாதன். ரயில்வேல கேட் கீப்பர். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. முப்பத்தொரு வருஷ சர்வீஸ், ஒரு ஆட்டுக்குட்டி கூட என் கேட்டுல அடிபட்டதில்ல. ஏன்? நான் பாப்பேன். பூட்டினதுக்கு அப்புறமும் போய்ப் பாப்பேன். பாத்துட்டு வந்து, பாத்தேனான்னு யோசிச்சு, இன்னொரு தடவை போய்ப் பாப்பேன். கூட வேலை பாத்தவன் எல்லாம் சிரிப்பான். சிரிச்சவன் கேட்டுலயும் ஒண்ணும் அடிபடலைன்னு வைங்க. அது அவன் அதிர்ஷ்டம்.

உங்களுக்குப் பிரைவேட் நம்பர்னா என்னன்னு தெரியுமா? தெரியாது. வெளியாளுக்குத் தெரியாது. வண்டி வருதுன்னா ஸ்டேஷன் மாஸ்டர் போன் பண்ணுவாரு. நாம கேட்டைப் போட்டு, பூட்டி, திரும்பி வந்து, "கேட்டைப் போட்டாச்சு, நம்பர் நாப்பத்தி ஏழு" அப்படின்னு சொல்லணும். அந்த நம்பர் நம்மகிட்ட ஒரு தாள்ல அச்சடிச்சு இருக்கும். வரிசையா இருக்காது, தாறுமாறா இருக்கும். சொன்ன உடனே அதைக் கோடு போட்டு அடிச்சிரணும். அவரு அங்க எழுதிக்கிடுவாரு. போட்டுட்டேன்னு வாயால ஆயிரம் பேர் சொல்லலாம், நம்பர் கொடுத்தா அது சத்தியம். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு பாருங்க. இப்படி ஒரு ஏற்பாடு குடும்பத்துல இருந்தா எப்படி இருக்கும்?

நான் வச்சேன். எங்க வீட்டுல வச்சேன்.

சிரிக்காதீங்க. எம் பொஞ்சாதி சௌந்தரம் கல்யாணமாகி வந்த மூணாம் மாசம் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். கேஸை மூடினியா? "மூடிட்டேன், பன்னண்டு." கொல்லைக் கதவு? "போட்டாச்சு, அறுபத்தி ஒண்ணு." மோட்டார்? "நிப்பாட்டியாச்சு, முப்பத்தி மூணு." நான் நோட்டுல எழுதிக்கிடுவேன். எம் மக தமயந்திக்குப் பள்ளிக்கூடத்துல நம்பர் சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடி எங்க வீட்டுலயே தெரிஞ்சு போச்சு. குழாயை மூடிட்டு வந்து மழலையில "எட்டு" அப்படிங்கும். எட்டு செல்லாது, ரெண்டு இலக்கம் வேணும்னு திருப்பி அனுப்புவேன். அழுதுக்கிட்டே போய் மறுபடி மூடிட்டு வரும். நல்ல பழக்கம்ல?

இப்ப கேளுங்க அநியாயத்தை. நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம். சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கோம். "சௌந்தரம், கேஸ்?" "மூடியாச்சுங்க, எழுபத்தி ரெண்டு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அவ பாயை விட்டு எந்திரிக்கவே இல்ல தம்பி! கண்ணைக் கூடத் திறக்கல! நான் எந்திரிச்சு உக்காந்து, "பாக்காம எப்படி நம்பர் கொடுத்த?"ன்னேன். அவ ரொம்பச் சாதாரணமா சொல்றா: "நான் பதினஞ்சு வருஷமா பாத்ததே இல்லையேங்க. வாய்க்கு வந்த நம்பரைச் சொல்றேன். வீடு என்ன எரிஞ்சா போச்சு?"

பதினஞ்சு வருஷம்! ரயில்வேயா இருந்தா சஸ்பெண்டு. பதினஞ்சு வருஷ நோட்டையும் தூக்கி அவ முன்னாடி போட்டு, இதுல எது நிசம், எது பொய்னு குறிச்சுக் கொடுன்னு கேட்டேன். நான் கேட்டதுல என்ன தப்பு? அவ நோட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா, எந்திரிச்சுப் போய் சேலையை எடுத்துப் பையில வச்சா. மதுரைக்கு மக வீட்டுக்குப் போயிட்டா. போகும்போது வாசல்ல நின்னு சொன்னா: "நடுவழியில இறங்காம என்னைக்கு மதுரை வந்து சேருறீங்களோ, அன்னைக்கு உங்க கூடத் திரும்பி வர்றேன். அதுவரைக்கும் நீங்களும் உங்க பூட்டும் குடும்பம் நடத்துங்க."

ஏன் நடுவழின்னு குறிப்பாச் சொன்னான்னா, தமயந்தி கல்யாணத்துலயும் நான் பாதியில எந்திரிச்சுப் போனேன். மண்டபம் எங்க ஊருலதான். முகூர்த்தத்துக்கு முன்னாடி வீட்டை ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்னு போனேன். ரெண்டு தடவைதான் போனேன். மூணாவது தடவை போனது குடையை எடுக்க. திரும்பி வந்தா பந்தி நடக்குது. தாலி கட்டுற வீடியோவுல ஊரே இருக்கு, நான் இல்ல. வீடியோ எடுத்தவன் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அதை இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாங்க.

பார்த்திபனூர் வந்துருச்சா? சரி, சரி. போகட்டும்.

தம்பி, ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. நான் கிளம்பும்போது பூட்டைப் பூட்டி, ஒரு தடவை இழுத்துப் பாத்தேன். இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேன், கேட்டுட்டீங்கல்ல? அப்ப ரெண்டு இலக்கத்துல ஒரு நம்பர் சொல்லுங்க. சும்மாதான். எது வேணா சொல்லுங்க.

அறுபத்திரெண்டா? நல்ல நம்பர். இருங்க, டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிக்கிறேன்.

இது சரிபாக்குறது இல்ல. வீட்டு ஆளுககிட்ட கேட்டு உறுதி வாங்கக் கூடாது, தெரிஞ்சவங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னுதான் புத்தகத்துல போட்டிருக்கு. பஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களைப் பத்தி ஒரு வரி இல்ல. நாலு தடவை படிச்சுட்டேன்.

என்ன புத்தகமா? அட, அதைச் சொல்லலையா. மருமகன் அனுப்பி வச்சாரு. "நீங்களே உங்களுக்கு"ன்னு பேரு. பன்னண்டு வாரம், பன்னண்டு பாடம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், நாமே வீட்டுல இருந்து படிச்சுச் செய்யணும். வாரம் ஒரு தடவை ஒரு மேடம் போன்ல பேசுவாங்க, கால் மணி நேரம். ஷர்மிளா மேடம்னு பேரு. சின்ன வயசுப் பொண்ணு, நல்ல பொறுமை. ஓசிடின்னு ஒரு வியாதியாம். எண்ணச் சுழற்சி நோய்னு தமிழ்ல போட்டிருக்கு. திரும்பத் திரும்ப ஒரே சந்தேகம் வருமாம், அது தீர திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்வாங்களாம். படிக்கப் படிக்க எனக்கு ரொம்பப் பாவமா இருந்துச்சு. இந்த உலகத்துல இப்படியும் கஷ்டப்படுறவங்க இருக்காங்களேன்னு.

எனக்கு அது கிடையாது. இருந்தாலும் மருமகன் அனுப்பினது, மரியாதைக்குச் சேந்தேன். சேந்தா ஒழுங்காச் செய்யணும்ல?

புத்தகத்தோட எண்பத்தி நாலு பக்கத்தையும் முதல்ல ஜெராக்ஸ் எடுத்தேன். ஜெராக்ஸ்ல பென்சில்ல எழுதி, சரியான்னு பாத்து, அப்புறம் புத்தகத்துல பேனாவுல எழுதுவேன். எந்தப் பயம் எவ்வளவுன்னு நூத்துக்கு மார்க் போடச் சொல்லி ஒரு பக்கம் இருக்கு. குழாயைப் பாக்காம வெளிய போனா எவ்வளவு பயம்? எல்லாரும் முப்பது, நாப்பதுன்னு போடுவாங்களாம். நான் முப்பத்தி ஆறரைன்னு போட்டேன். அரை சரிதானான்னு ரெண்டு நாள் யோசிச்சு முப்பத்தி ஆறேகால்னு திருத்தினேன். ஷர்மிளா மேடம் போன்ல ரெண்டு தடவை திருப்பிக் கேட்டாங்க. அசந்து போயிட்டாங்க.

அப்புறம் அந்தப் பயத்தை எல்லாம் ஏணி மாதிரி அடுக்கணும். சின்னது கீழ, பெருசு மேல. கீழ்ப் படியில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணாச் செய்யணும். குழாயை ஒரு தடவை மூடிட்டு வந்துரணும், திரும்பிப் போய்ப் பாக்கக் கூடாது. பயம் ஏறும், ஏறி நிக்கும், ஒண்ணும் செய்யாம இருந்தா அதுவாவே இறங்கும்னு படம் போட்டுக் காட்டியிருக்கு. மலை மாதிரி ஒரு கோடு. எனக்கு இறங்கினதே இல்ல. ஏறுன உடனே போய்ப் பாத்துருவேன்ல, அப்புறம் எப்படி இறங்கும்?

ஆனா பாடத்தை விடல. குழாயைப் பாக்காம இருக்கணும்னா, பாக்காம இருந்தேன்னு யாரு சாட்சி? எதிர் வீட்டு ஜெபமணி டீச்சரைப் பிடிச்சேன். "டீச்சர், நான் திரும்பிப் போய்ப் பாக்குறேனான்னு நீங்க பாருங்க"ன்னு சொல்லி ஒரு நோட்டு போட்டு, தினமும் கையெழுத்து வாங்கினேன். ரிட்டயர் ஆன டீச்சர், நல்ல மனசு. ஒரு வாரம் போட்டாங்க. எட்டாம் நாள் அவங்க வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். உள்ள டிவி சத்தம் கேக்குது, திறக்கல. உடம்புக்கு முடியல போல.

அந்த வாரம் ஷர்மிளா மேடம்கிட்டப் பெருமையா சொன்னேன். "நாகநாதன் ஐயா, கையெழுத்து வாங்குறதும் சரிபாக்குறதுதான்"ன்னாங்க. எனக்குப் புரியல. "சரிபாக்காம இருக்கேனான்னு சரிபாக்குறேன் மேடம், அதுல என்ன?"ன்னேன். பொறுமையா மறுபடி சொன்னாங்க. எல்லாம் சொல்லி முடிச்சதும் நான் கேட்டேன், "மேடம், நான் இந்த வாரம் செஞ்சது மொத்தத்துல சரிதானா? ஒரு நம்பர் கொடுங்க." அவங்களுக்கு நம்பர் கதை தெரியாது. சொன்னேன். கேட் கதை, ஸ்டேஷன் மாஸ்டர், எல்லாம் சொன்னேன். கால் மணி நேரம் தாண்டிருச்சு, ஆனாலும் கேட்டாங்க.

கேட்டுட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. "ஐயா, கேட்டுல இருந்து நம்பரே வரலைன்னா அந்த வண்டி என்ன ஆகும்? அங்கேயே நின்னுருமா?"

நிக்காது தம்பி. அதான் விஷயம். நம்பர் வரலைன்னா டிரைவர்கிட்ட எச்சரிக்கைன்னு எழுதி ஒரு தாள் கொடுப்பாங்க. அவரு கேட்டுக்கிட்ட மெதுவா வந்து, ஹாரன் அடிச்சு, பாத்துப் போவாரு. ஊர் போய்ச் சேரும். நேரம் ஆகும், சேந்துரும். இதைச் சொன்னேன். "அப்ப நீங்களும் அப்படிப் போய்ப் பாருங்களேன் ஐயா"ன்னு போனை வச்சுட்டாங்க. நம்பர் கொடுக்கல.

எனக்குக் கோவம். கேட்டையே பக்கத்துல போய்ப் பாத்திருக்காத பொண்ணு எனக்கு ரயில் ஓட்டக் கத்துக் கொடுக்குதுன்னு. ரெண்டு நாள் சோறு இறங்கல. மூணாம் நாள்தான் ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. இதை யாருகிட்டயும் சொன்னதில்ல, சௌந்தரத்துகிட்ட கூட. சர்வீஸ்ல ஒரு நாள், பட்டப்பகல். நம்பர் கொடுத்துட்டேன். கொடுத்து தாள்ல அடிச்சுட்டேன். அடிச்ச உடனே, கேட்டைப் பூட்டினேனா இல்லையான்னு ஒரு சந்தேகம். நான் ஓடுறேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பைக்குல அப்பன், ஆத்தா, ரெண்டு பிள்ளைக. சின்னது பெட்ரோல் டேங்க் மேல உக்காந்து எனக்கு டாட்டா காட்டுது. கேட் பூட்டித்தான் இருந்துச்சு. வண்டி போச்சு. ஒண்ணுமே நடக்கல தம்பி, சத்தியமா ஒண்ணுமே நடக்கல. ஆனா டாட்டா காட்டின அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. பயந்தாங்கொள்ளின்னு நினைச்சாலும் நினைச்சுக்கோங்க.

சரி, அதை விடுங்க. இன்னைக்கு விஷயத்துக்கு வர்றேன். பேத்திக்கு இன்னைக்கு முதல் பிறந்த நாள். நாலு மணிக்கு கேக் வெட்டுறாங்க. அதுக்குள்ள நான் போய் நிக்கணும். நின்னா சௌந்தரம் நாளைக்கு என்கூட வருவா. நாலு மாசம் ஆச்சு. ஒத்தை ஆளுக்கு ரசம் வச்சா மூணு நாளைக்கு வருது. வீட்டுல பேச்சுக் குரலே இல்ல. அவ பொய் நம்பர் சொன்னாக் கூடப் பரவால்ல, ஒரு குரல் கேட்டாப் போதும்னு இருக்கு.

பேத்திக்கு வெள்ளிக் கொலுசு வாங்கியிருக்கேன். முந்தாநேத்தே வாங்கிட்டேன், சின்னச் சிவப்பு டப்பா, உள்ள முத்து முத்தா சலங்கை. சௌந்தரம் போன்ல ஒரே ஒரு விஷயம்தான் கேட்டா, வேற எதுவும் வேணாம், அந்தக் கொலுசை மட்டும் மறக்காம கொண்டு வாங்கன்னு. மறப்பேனா நான்? கிளம்பும்போது கண்ணுல படுற மாதிரி எங்க வைக்கலாம்னு யோசிச்சு, கேஸ் அடுப்பு மேடையில, சிலிண்டருக்கு நேர் மேல வச்சேன். நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய் நிக்கிற இடம். நம்ம மூளை அப்படி.

அப்புறம் ஏணியோட கடைசிப் படி. அதுக்கு நான் போட்ட மார்க் தொண்ணூத்தி ஏழு. நேத்துச் சாயங்காலம் கேஸை ஒரு தடவை மூடணும். அப்புறம் வீட்டை விட்டுக் கிளம்புற வரைக்கும் அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. எட்டிக் கூடப் பாக்கக் கூடாது. துணிப்பையை ஒரு தடவை அடுக்கி ஜிப்பைப் போட்டா, திறந்து பாக்கக் கூடாது. செஞ்சுட்டேன் தம்பி! அடுப்படி வாசல்ல ஒரு நாற்காலியைக் குறுக்கப் போட்டுட்டேன். காலையில காபி கடையில. இட்லி கடையில. வாசல்ல பூட்டை ஒரு தடவை பூட்டி ஒரு தடவை இழுத்தேன். இழுத்தது புத்தகத்துல கிடையாது, அதுக்கு அரை மார்க் குறைச்சுக்கிட்டேன். ஜெபமணி டீச்சர் மாடியில இருந்து பாத்துட்டு, நான் தெருமுனை திரும்புற வரைக்கும் நின்னாங்க. கை கூட ஆட்டினாங்க.

மானாமதுரை வந்துருச்சு. இங்க பஸ் ஸ்டாண்டுக்குள்ள பத்து நிமிஷம் நிப்பான். இந்தப் பத்து நிமிஷம்தான் தம்பி கஷ்டம். எதிர் வரிசையில பரமக்குடி பஸ் நிக்கும், எஞ்சினை ஓட விட்டுக்கிட்டு. நான் அந்தப் பக்கம் பாக்கல. நீங்க ஏதாவது பேசுங்க.

இருங்க, போன். அவதான்.

"சொல்லு சௌந்தரம்... மானாமதுரை... இல்ல, உக்காந்துதான் இருக்கேன். நம்பலைன்னா பக்கத்துல ஒரு தம்பி இருக்காரு, கேட்டுப் பாரு... பிள்ளை என்ன செய்யுது?... நடக்குதா! எத்தனை அடி?... ஆமா, ஆமா, வந்துருவேன்... என்னது?... கொலுசா?..."

கொலுசு.

தம்பி. கொலுசு அடுப்படியில இருக்கு.

நான் அடுப்படிக்குள்ள போகலையே தம்பி! போகக் கூடாதுன்னுதானே புத்தகத்துல போட்டிருக்கு! நாற்காலியைக் குறுக்க நானே போட்டேனே!

"இரு சௌந்தரம், வைக்காத, இரு."

இது வேற தம்பி. இது சரிபாக்குறது இல்ல, இது மறதி. மறதிக்குத் திரும்பிப் போறது யாரு வேணா செய்வாங்க. நீங்க போக மாட்டீங்களா? ஷர்மிளா மேடமே வந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது. அந்தா பரமக்குடி பஸ். முக்கால் மணி நேரத்துல வீடு. கொலுசை எடுத்துட்டு, அடுப்படிக்குள்ள எப்படியும் போய்த்தானே ஆகணும், போனா அப்படியே கேஸையும் ஒரு பார்வை. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சா நாலு மணி, இல்ல நாலரை, அஞ்சுக்குள்ள வந்துரலாம். என் பை உங்க காலுக்கடியில இருக்கு, எடுங்க. கொஞ்சம் காலை மடக்குங்க.

"இல்ல சௌந்தரம், யாருகிட்டயும் இல்ல, உங்கிட்டதான் பேசுறேன். கொலுசை வச்சுட்டு வந்துட்டேன்... அடுப்பு மேடையில... எடுத்துட்டு வந்துடட்டுமா?... என்ன?... என்ன சொன்ன?"

கொலுசு கிடக்கட்டுங்கிறா.

"அது வெள்ளி சௌந்தரம்... சரி... சரி, இன்னொரு நாள் போட்டுக்கலாம், சரி... சௌந்தரம், ஒண்ணே ஒண்ணு. நேத்து சாயங்காலம் கேஸை மூடினேன். மூடியிருப்பேன்ல? ஒரே ஒரு நம்பர் சொல்லு. பொய்யா இருந்தாலும் பரவால்ல."

சொல்ல மாட்டேங்கிறா.

"...அழுறியா? எதுக்கு அழுற?... அன்னைக்கு மண்டபத்துலயா?... வாசலையே பாத்துக்கிட்டு நின்னியா? தாலி கட்டும்போதா?... நீ சொல்லவே இல்லையே... இந்த அஞ்சு வருஷமா சொல்லவே இல்லையே சௌந்தரம்."

கண்டக்டர் கத்துறாரு. இறங்குறதுன்னா இறங்குங்கன்னு. ரெண்டு பஸ்ஸும் எடுக்கப் போறான்.

"...இல்ல. இறங்கல... தெரியல, மூடினேனா தெரியல. தெரியாமலேயே வர்றேன்... மாட்டுத்தாவணிக்கா? நீ எதுக்கு வெயில்ல வந்து நிக்கிற?... சரி, நில்லு. நில்லு, வர்றேன்."

வச்சுட்டா.

கொஞ்சம் நகருங்க தம்பி, உக்காந்துக்கிறேன். இந்தப் பையை மேல தூக்கி வச்சுருங்க, என் கைக்கு எட்டாத இடமாப் பாத்து. பரமக்குடி பஸ் போயிருச்சா? நீங்களே பாத்துச் சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க. வேணாம்.

இந்த டிக்கெட்டைப் பாருங்க. அறுபத்திரெண்டு. பேனா இருக்கா? இந்தா, அடிச்சுட்டேன். மதுரை வர்ற வரைக்கும் நான் கெஞ்சினாலும், கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாலும் இன்னொரு நம்பர் கொடுத்துராதீங்க.

என்ன கேட்டீங்க? பயமா? இருக்கு தம்பி. நூத்துக்கு நூறு, அரையும் காலும் கிடையாது. அது தானா இறங்கும்னுதான் அந்த மலைப் படத்துல போட்டிருக்கு. எனக்கு ஒரு தடவை கூட இறங்கினது கிடையாது. திருப்புவனம் வந்ததும் பயம் நூத்துக்கு எத்தனைன்னு என்னைக் கேளுங்க. நான் நம்பர் சொல்றேன். தூங்கிராதீங்க.